லெக்டர்ன் உடைந்தால் நூலகர் என்ன ஆவார்?

மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு நூலகர் உண்டு. கண்ணில் கண்ணாடி, தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துவைத்த புத்தகம். அவருக்குப் பக்கத்தில், நூலை விரித்து வைக்கும் மர மேடை ஒன்று நிற்கும். விளையாடும் பிள்ளைகள் அதை லெக்டர்ன் என்பார்கள். ஒரு கோடரியை எடுத்து அதை உடைத்துப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி காணாமல் போகும், புத்தகத் தொப்பியும் போகும். மிச்சம் நிற்பவர் பழுப்பு அங்கி போட்ட, வேலையில்லாத ஓர் ஆள். மேடையைத் திரும்ப வைத்தால் உடம்பைச் சுற்றிப் பச்சைப் பொறி பறக்கும். மறுபடியும் நூலகர் ஆகிவிடுவார்.

சென்னையை அடுத்த மாங்காடு, குமணன்சாவடி, பூந்தமல்லிப் பக்கம் லீவு நாளில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த உடைப்பு வேலையைப் பார்க்கலாம். பிள்ளைகள் இதை வம்புக்குச் செய்வதில்லை, காரியமாகத்தான் செய்கிறார்கள். நூலகர் வேலைக்குச் சேரும் ஒவ்வொரு முறையும் அவர் விற்கும் சரக்கு புதிதாக முடிவாகிறது. தேய்ந்த கருவியை அனுபவப் புள்ளிகளைக் கொண்டு சரிசெய்யும் ‘மெண்டிங்’ புத்தகம் அவர் கையில் வரும்வரை மேடையை உடைத்து உடைத்து வைக்கிறார்கள். ஓர் ஆளை ஒரே காலையில் பலமுறை வேலையை விட்டு நீக்கி, பலமுறை சேர்த்துக்கொள்கிறார்கள்.

வேலை போவது என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? அந்தப் பொம்மை ஆளுக்குள் அப்போது என்ன நடக்கிறது? இதைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே சில எளிய விதிகள்தான் கிடைக்கின்றன. ஆனால் தொழில் என்பது இடத்துக்குச் சொந்தமா, ஆளுக்குச் சொந்தமா என்று நிஜ உலகம் இன்னும் தீர்த்துக்கொள்ளாத வழக்குக்கு, அந்த விதிகள் ஒரு தீர்ப்பே எழுதி வைத்திருக்கின்றன.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஸ்வீடன்காரர் மார்கஸ் பெர்சன் 2009 மே மாதம் மைன்கிராஃப்டை வெளியில் விட்டார். 2011 நவம்பரில் முழுப் பதிப்பு வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் அதை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023க்குள் 30 கோடிப் பிரதிகள் விற்றாகிவிட்டது. கதையில்லை, ஜெயிக்க வேண்டிய கட்டாயமில்லை. கனசதுரக் கட்டைகளை வெட்டி எடுத்து, வேண்டியதைக் கட்டிக்கொள்ளலாம். ஆங்காங்கே ஊர்கள் உண்டு, அவற்றில் வில்லேஜர் எனப்படும் பெரிய மூக்கு ஊர்க்காரர்கள் உண்டு. மரகதத்தைக் கொடுத்து அவர்களிடம் சரக்கு வாங்கலாம், சரக்கைக் கொடுத்து மரகதமும் வாங்கலாம்.

2019 ஏப்ரலுக்கு முன்னால் இந்த ஊர்க்காரர்களின் தொழில் அவர்கள் தோன்றும்போதே முடிவாகிவிடும். கறிக்கடைக்காரர் கடைசிவரை கறிக்கடைக்காரர்தான். ஊர் எது என்பதைக்கூட வீடுகளின் கதவுகளை எண்ணித்தான் விளையாட்டு தெரிந்துகொண்டது. 2019 ஏப்ரல் 23 அன்று வந்த 1.14 பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. இனி யாருக்கும் பிறவித் தொழில் கிடையாது. 13 தொழில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பணிமேடை. எருத்தொட்டி கிடைத்தவர் விவசாயி, பீப்பாய் கிடைத்தவர் மீனவர், சாணைக்கல் கிடைத்தவர் ஆயுதம் செய்பவர், கல் அறுக்கும் மேடை கிடைத்தவர் கொத்தனார். தறி கிடைத்தவர் மட்டும் நெசவாளர் ஆவதில்லை, ஆட்டிடையர் ஆகிறார். இதைக் கேட்டால் மாங்காட்டுக்குப் பக்கத்திலுள்ள குன்றத்தூர் நெசவாளர்கள் சிரிப்பார்கள். பச்சை அங்கி போட்ட ஒரு வகை ஆசாமி மட்டும் எத்தனை மேடை வைத்தாலும் வேலைக்கு வரமாட்டார். 1953இல் ராஜாஜி கொண்டுவந்து, எதிர்ப்புக்குப் பிறகு 1954இல் காமராசர் ஆட்சி கைவிட்ட கல்வித் திட்டத்தைச் சுற்றி இங்கே நடந்த ‘குலத்தொழில்’ வாதம் நினைவிருப்பவர்களுக்கு, இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்பது இன்று ரகசியமில்லை. மறைத்து வைத்திருந்த நிரலின் பெயர்ப் பட்டியலை 2019இல் விளையாட்டை உருவாக்கும் மோஜாங் நிறுவனமே வெளியிட்டதால், ஆர்வமுள்ளவர்கள் உள்ளே புகுந்து படிக்க முடிகிறது. மொபைலில் ஓடும் பெட்ராக் பதிப்பில் சில நுணுக்கங்கள் வேறுபடும். இங்கே சொல்வது ஜாவா கணக்கு.

விளையாட்டு உலகம் 16க்கு 16க்கு 16 என்ற அளவில் பெட்டி பெட்டியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பணிமேடை, கட்டில், ஊர் மணி மாதிரி முக்கியமான பொருள்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று ஒரு தனிப் பதிவேடு உண்டு. நீங்கள் லெக்டர்னை வைத்த நொடியில் அதில் ஒரு வரி ஏறுகிறது. உடைத்த நொடியில் அந்த வரி அழிகிறது. இந்தப் பதிவேடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? வேலை தேடும் ஒருவர் தன்னைச் சுற்றி 48 கட்டைத் தூரம்வரை தேடுகிறார். அந்த அளவுக்கு ஓர் உருண்டை போட்டால் அதற்குள் 4,60,000க்கும் மேற்பட்ட கட்டைகள் வரும். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தால் எந்தக் கம்ப்யூட்டரும் திணறும். பதிவேட்டைப் புரட்டினால் சில பக்கங்களில் வேலை முடிந்துவிடும்.

பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே டிக்கெட் எண்ணிக்கை குறித்திருக்கும். ஊர் மணிக்கு 32 டிக்கெட். மாலையில் அத்தனை பேர் அதைச் சுற்றிக் கூடலாம். கட்டிலுக்கு ஒன்று. பணிமேடைக்கும் ஒன்றே ஒன்று. அந்த ஒரு டிக்கெட்டை யார் எடுக்கிறாரோ அவருக்கே அந்த இடம். அவர் விட்டால்தான் அடுத்தவருக்கு.

டிக்கெட் எடுத்தவுடன் வேலை கிடைத்துவிடாது. அங்கே நடந்து போய்ச் சேர வேண்டும். வழி கண்டுபிடிக்க விளையாட்டு பயன்படுத்துவது ஏ-ஸ்டார் என்ற முறை. 1968இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ராஃபேல் ஆகிய மூவர் இதை வெளியிட்டார்கள். ஷேக்கி என்ற ரோபோ அறைகளுக்குள் முட்டாமல் நடப்பதற்காக நடந்த ஆராய்ச்சியில் பிறந்தது இது. மாங்காட்டிலிருந்து கோயம்பேடு போகிறவர் என்ன செய்கிறார்? குமணன்சாவடி, வேலப்பன்சாவடி, வானகரம் என்று போகலாம். போரூர், வளசரவாக்கம் சுற்றியும் போகலாம். இதுவரை வந்த தூரத்தோடு, இனிப் போக வேண்டியதைக் குத்துமதிப்பாகக் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை குறைவான பக்கம் திரும்புகிறார். ஏ-ஸ்டார் செய்வதும் அதையேதான், ஒவ்வொரு கட்டைக்கும்.

வழி இல்லாவிட்டால்? சுவருக்குப் பின்னால் மேடை இருக்கிறது, கதவு இல்லை. அப்போது அவர் அந்த மேடையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி முயல்கிறார். தோற்கத் தோற்க இடைவெளி கூடுகிறது. அதோடு கொஞ்சம் தற்செயலும் கலக்கப்படுகிறது. தேடும் நேரத்திலும் இதே தந்திரம்தான்: ஒன்று முதல் இரண்டு நொடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் ஒருமுறை தேடுவார். எல்லா ஊர்க்காரர்களும் ஒரே கணத்தில் பதிவேட்டை மொய்த்துவிடக் கூடாது என்பதற்கான முன்னேற்பாடு அது. நம் வீட்டு வைஃபையில் இரண்டு கருவிகள் ஒரே சமயத்தில் பேசி மோதிக்கொண்டால், இரண்டும் ஆளுக்கொரு தற்செயல் நேரம் காத்திருந்துவிட்டுப் பேசுகின்றனவே, அதே குடும்பத்தைச் சேர்ந்த யோசனை.

வேலை கிடைத்த பிறகு அவருடைய நாள் ஒழுங்குக்கு வருகிறது. விளையாட்டின் ஒரு நாள் நம்முடைய 20 நிமிடம். அந்த உலகத்துக் கடிகாரப்படி காலை 8 முதல் பிற்பகல் 3 வரை வேலை, 5 மணி வரை ஊர் மணியடியில் கூட்டம், 6 மணிக்குப் படுக்கை. வேலை நேரத்தில் மேடைக்குப் போய் நின்றால்தான் விற்றுத் தீர்ந்த சரக்கு திரும்ப நிறையும், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டும்.

இப்போது மேடையை உடைப்போம். பதிவேட்டில் வரி உடனே அழிந்துவிட்டது. ஆனால் நூலகருக்கு அது தெரியாது! ‘என் பணியிடம் இன்ன இடம்’ என்ற குறிப்பு பதிவேட்டில் மட்டுமில்லை, அவருடைய சொந்த நினைவிலும் தனியாக இருக்கிறது. அவர் அந்த இடத்துக்கு 16 கட்டைத் தூரத்துக்குள் வரும்போதுதான், பதிவேட்டில் அது இன்னும் இருக்கிறதா என்று சரிபார்க்கிறார். இல்லையென்றால் நினைவிலிருந்து குறிப்பை அழிக்கிறார். ஊரின் மறுகோடியில் இருப்பவர், இல்லாத கடையைத் தன் கடை என்று நம்பிக்கொண்டிருப்பார். விளையாட்டை எழுதியவர்கள் இதைக் கணக்கு மிச்சத்துக்காகத்தான் செய்திருக்க வேண்டும். ஆனாலும் கதவடைப்பு நோட்டீசைக் கம்பெனி வாசலுக்கு வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் தொழிலாளியை இது அப்படியே காட்டுகிறது.

குறிப்பு அழிந்த அடுத்த படியில்தான் அந்தத் தீர்ப்பு வருகிறது. விளையாட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: இவர் இதுவரை யாரிடமாவது வியாபாரம் செய்திருக்கிறாரா? ஒரு போணிகூட ஆகவில்லை என்றால் தொழில் அழிக்கப்படுகிறது; கண்ணாடியும் தொப்பியும் போய் மறுபடி பழுப்பு அங்கி. ஒரே ஒருமுறை விற்றிருந்தாலும் போதும், அவர் கணக்கில் அனுபவப் புள்ளி ஏறியிருக்கும். அதன்பிறகு எந்தக் கோடரியாலும் அவருடைய தொழிலை வெட்ட முடியாது. மேடை போனாலும் அவர் நூலகர்தான். 10, 70, 150, 250 என்று புள்ளிகள் சேரச் சேரத் தேர்ச்சி ஐந்தாம் படிவரை ஏறும், அதுவும் போகாது.

ஆக, முதல் விற்பனைவரை தொழில் மேடைக்குச் சொந்தம். முதல் விற்பனைக்குப் பிறகு ஆளுக்குச் சொந்தம்.

ஆனால் தொழில் இருப்பதும் பிழைப்பு நடப்பதும் ஒன்றல்ல. மேடையிழந்த அனுபவசாலியிடம் கையில் மிச்சமிருக்கும் சரக்கு தீரும்வரை வாங்கலாம். தீர்ந்துவிட்டால் நிரப்பிக்கொள்ள இடமில்லை. வித்தை தெரியும், வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார், கடை மட்டும் காலி. அவர் தன் தொழிலுக்குரிய வேறொரு மேடையைத் தேடிக்கொண்டே இருப்பார். வேறு தொழிலுக்குரிய மேடை பக்கத்திலேயே சும்மா கிடந்தாலும் அதைத் தொடமாட்டார்.

அவருக்காக நிரலில் இரண்டு சலுகைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று, இரண்டு பேர் ஒரே மேடைக்குச் சொந்தம் கொண்டாடினால், அனுபவப் புள்ளி அதிகமுள்ளவருக்கே இடம். மற்றவர் நினைவிலிருந்து அது அழிக்கப்படும். இரண்டாவது இன்னும் ஆச்சரியம். தொழிலே இல்லாத ஒரு புதியவர் ஒரு மேடைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு அதை நோக்கி நடந்து போகிறார். வழியில், அதே தொழில் தெரிந்த, மேடையில்லாத ஒருவர் அருகில் இருந்து, அவரால் அங்கே நடந்து போக முடியும் என்றால், புதியவர் தன் வாய்ப்பை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வேறிடம் தேடுகிறார். பார்ப்பதற்குப் பெருந்தன்மை. உள்ளே இருப்பது நான்கைந்து நிபந்தனைச் சோதனைகள்.

எளிய விதிகளைப் பின்பற்றும் பொம்மை மனிதர்களைக் கூட்டமாக விட்டுப் பார்த்து, சமூகத்தைப் புரிந்துகொள்வது பொருளியலில் பழைய பழக்கம். தாமஸ் ஷெல்லிங் 1971இல் வெளியிட்ட மாதிரியில், ஒவ்வொருவரும் தன்னைப் போன்றவர் கொஞ்சம் பேர் பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான் நினைக்கிறார். ஆனால் முழு ஊரும் தனித்தனிச் சேரிகளாகப் பிரிந்துவிடுகிறது. 1996இல் ஜோஷுவா எப்ஸ்டைன், ராபர்ட் ஆக்ஸ்டெல் இருவரும் சர்க்கரை மேடுகள் உள்ள ஒரு கட்டத்தில் பொம்மை மனிதர்களை அலையவிட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. பார்வைத் தூரமும் பசியும் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. சர்க்கரை ஒரு சிலரிடம் போய்க் குவிந்தது.

மைன்கிராஃப்ட் ஊரும் அப்படியொரு சோதனைக்கூடம்தான். ஒரே ஊரில் ஆளில்லாத மேடையும் மேடையில்லாத ஆளும் ஒரே நேரத்தில் இருப்பதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். மேடை 48 கட்டைக்கு அப்பால் இருக்கலாம், வழியில் சுவர் இருக்கலாம், தொழில் பொருந்தாமல் போகலாம். வேலைச் சந்தையில் காலியிடமும் வேலையின்மையும் ஏன் ஒன்றாகவே நிலவுகின்றன என்பதைத் தேடலுக்கு ஆகும் செலவைக் கொண்டு விளக்கியதற்காகத்தான் பீட்டர் டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டஃபர் பிசாரிடெஸ் மூவருக்கும் 2010இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் சமன்பாட்டில் சொன்னதை விளையாட்டுத் திரையில் ஒரு சுவர் எழுப்பிப் பார்த்துவிடலாம்.

நிஜத்தில் இப்படி ஒரு மேடை உடைப்பு மாங்காட்டுக்காரர்கள் கண்ணெதிரே நடந்தது. கொத்தவால்சாவடியிலிருந்து 1996இல் கோயம்பேட்டுக்கு வந்த மொத்தச் சந்தை, கொரோனா பரவியதால் 2020 மே 5 அன்று மூடப்பட்டது. பழ வியாபாரம் மாதவரத்துக்குப் போனது. காய்கறி மொத்த வியாபாரம், பூந்தமல்லியைத் தாண்டியுள்ள திருமழிசைத் திறந்தவெளிக்கு வந்தது. ஆனால் அங்கே போட்ட தற்காலிகக் கடைகள் மொத்த வியாபாரிகளில் ஒரு பகுதியினருக்குத்தான் போதுமானவை. கோயம்பேட்டையே நம்பியிருந்த சிறு வியாபாரிகளுக்கு இடமில்லை. மழை வந்தால் வண்டிச் சக்கரமும் மூட்டையும் சேற்றில். அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்றுதான் கோயம்பேட்டில் காய்கறிச் சந்தை திரும்பத் திறந்தது. கத்திரிக்காயைப் பார்த்த மாத்திரத்தில் தரம் பிரிக்கத் தெரிந்தவருக்கு அந்த அறிவு ஐந்து மாதத்தில் மறந்துபோகாது. தொழில் ஆளிடமே இருந்தது. சரக்கு இறக்க இடம்தான் இல்லை. தொழில் இருப்பதும் பிழைப்பு நடப்பதும் ஒன்றல்ல என்ற விளையாட்டின் விதி எவ்வளவு கறாரானது என்பதை அந்த ஐந்து மாதம் காட்டியது.

இன்னும் கிட்டத்தில் பார்க்க மாங்காடு காமாட்சி அம்மன் கோயில் வாசலுக்குப் போனால் போதும். ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைத்து வேண்டிக்கொள்ளும் பக்தர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களை நம்பிப் பூக்கூடையோடும் எலுமிச்சைத் தட்டோடும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த நாலடி இடம்தான் பணிமேடை. அதே பூவை, அதே பழத்தை நான்கு தெரு தள்ளி வைத்தால் விலை போகாது. பூக்கட்டும் வேகமும் கூறு கட்டும் கணக்கும் கையோடு வரும். கோயிலுக்குப் போகும் கூட்டம் கையோடு வராது.

இடத்துக்கா, ஆளுக்கா என்ற இந்த வழக்கைத் தீர்க்க இந்தியாவில் ஒரு சட்டமே இருக்கிறது: 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம். அதன் அமைப்பு விளையாட்டின் அமைப்போடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. நகர விற்பனைக் குழு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும், அதுதான் பதிவேடு. கணக்கில் வந்தவருக்கு விற்பனைச் சான்றிதழ், அதுதான் டிக்கெட். வட்டாரத்தின் மக்கள்தொகையில் இரண்டரைச் சதவீதம்வரை வியாபாரிகளுக்கு இடம் தரலாம் என்று அளவும் உண்டு. சட்டம் விளையாட்டைவிட ஒரு படி மேலே போகும் இடம் ஒன்றுதான். சான்றிதழில் குறித்த இடத்திலிருந்து ஒருவரை அகற்றவோ மாற்றவோ வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மைன்கிராஃப்ட் நூலகருக்கு அது கிடையாது. கோடரி விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

விளையாட்டை நடத்துகிறவர்களும் இந்த உடைப்புப் பழக்கத்தைக் கவனித்துத்தான் இருக்கிறார்கள். எந்த நூலகர் எந்தப் புத்தகம் விற்பார் என்பது அவர் எந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்தே அமையட்டும் என்று 2023இல் ஒரு மாற்றத்தைச் சோதனை முறையில் வெளியிட்டார்கள். அப்படி ஆனால், ஒரே நூலகரை நூறு முறை வேலையை விட்டு நீக்கினாலும் அவர் பகுதியில் இல்லாத புத்தகம் வராது. ஆட்டக்காரர்களில் பலர் முணுமுணுத்தார்கள். அது வேறு கதை.

உங்கள் வீட்டில் லெக்டர்ன் உடைக்கும் பிள்ளை இருந்தால் ஒருநாள் கூட உட்காருங்கள். இரண்டு நூலகர்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவரிடம் ஒரே ஒரு பொருள் வாங்கச் சொல்லுங்கள், மற்றவரிடம் ஒன்றும் வேண்டாம். பிறகு இரண்டு மேடைகளையும் உடைக்கச் சொல்லிவிட்டு, யார் கண்ணாடி போகிறது என்று பாருங்கள். பிள்ளைக்கு அது அரைமணி நேர அறிவியல் பாடம். அந்தப் பாடம் முடிந்ததும், உங்கள் தெருமுனையில் பூ விற்பவரிடமோ இட்லி விற்பவரிடமோ விற்பனைச் சான்றிதழ் வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். வாங்கவில்லை என்றால் நகராட்சியில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 2021 முதல் மாங்காடும் நகராட்சிதான். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், அந்த 30 நாள் முன்னறிவிப்பைக் கேட்டுப் பெறுவதற்குக் கையில் இருக்க வேண்டியது அந்தச் சான்றிதழ்.